பார்க் பண்ணிவிட்டு இறங்காமல் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறார்களே, ஏன்?

டிக்கெட் தம்பி, நுவரெலியா:

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் விசித்திரமாக இருக்கும், சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

நான் நுவரெலியா டவுனில் ஒரு வாகனத் தரிப்பிடத்தில் டிக்கெட் எழுதுகிறேன். தனியார் இடம். நெருக்கி நிறுத்தினால் முப்பது வாகனம் நிற்கும். ஒரு பக்கம் மண் மேடு, மறுபக்கம் மரக்கறிக் கடைகளின் பின்புறம். வாகனம் உள்ளே வந்ததும் நம்பரையும் நேரத்தையும் எழுதி வைப்பரில் செருக வேண்டும், போகும்போது காசு வாங்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. சேர்ந்து எட்டு மாதம்.

இந்த எட்டு மாதத்தில் எனக்கு விளங்காத ஒரே விஷயம் இதுதான். வாகனத்தை நிறுத்துகிறார்கள், எஞ்சினை ஓஃப் பண்ணுகிறார்கள், ஆனால் இறங்குவதில்லை. ஐந்து நிமிஷம் என்றால் பரவாயில்லை, போன் பேசுகிறார்கள் என்று நினைக்கலாம். அரை மணித்தியாலம், ஒரு மணித்தியாலம் கூட உள்ளேயே இருக்கிறார்கள். கடைக்குப் போகவில்லை, பேங்குக்குப் போகவில்லை, யாரையும் ஏற்றவும் இல்லை. அப்புறம் ஸ்டார்ட் பண்ணி, டிக்கெட் காசைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். சும்மா உட்காருவதற்குக் காசு கட்டுகிற ஆட்களை வேறு எங்கே பார்த்திருக்கிறீர்கள்? சிலர் அதுவும் கட்டுவதில்லை, "நான் எங்கே தம்பி பார்க் பண்ணினேன், சும்மா உட்கார்ந்துதானே இருந்தேன்" என்று என்னிடமே நியாயம் பேசுகிறார்கள், அது வேறு கதை.

ஒரு வெள்ளை ஆல்ட்டோ இருக்கிறது. செவ்வாயும் வெள்ளியும் நாலு மணி தாண்டி வரும். ஓட்டி வருகிற அம்மாவுக்கு நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும். மேட்டுப் பக்கம் கடைசி இடத்தில்தான் நிறுத்துவார், அந்த இடத்தில் வேறு வாகனம் நின்றால் அது போகும் வரை நடுவில் காத்திருப்பார். நிறுத்தியதும் சீட்டைப் பின்னால் தள்ளி, செருப்பைக் கழற்றி, பேப்பரில் சுற்றிய ஒரு ரோல்ஸை எடுத்து அவ்வளவு மெதுவாகச் சாப்பிடுவார், நான் அதற்குள் பத்து டிக்கெட் எழுதிவிடுவேன். போன் பார்ப்பதில்லை. ரேடியோவும் இல்லை. கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிடும், துடைக்கவும் மாட்டார். நாலு நாற்பது ஆனதும் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விடுவார்.

இதைக் கேட்கக் காரணம், போன கிழமை எனக்கு ஒரு ஏச்சு விழுந்தது. ஒரு பழைய வேனில் ஒரு ஐயா, சீட்டைச் சாய்த்து வாயைத் திறந்தபடி கிடந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடி எல்லாம் மூடியிருந்தது. ஒன்றரை மணித்தியாலம் ஆகியும் அசைவில்லை, எனக்குப் பயமாகப் போய்விட்டது, தட்டினேன். எழும்பி, "மனுசன் நிம்மதியாகக் கண்ணை மூடக்கூட விடமாட்டீர்களா" என்று கத்தி, முதலாளிக்கும் கோல் எடுத்துச் சொல்லிவிட்டார். இனி யாருடைய கண்ணாடியையும் தட்டக்கூடாது என்று எனக்கு உத்தரவு.

சரி, நீங்கள் யாராவது அப்படி உட்காருகிறவர்களா? உள்ளே இருந்து என்னதான் செய்கிறீர்கள்?


கொழும்பு ரிட்டர்ன்:

மச்சான், 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் காருக்கு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். இந்த ஐந்து வருஷத்தில் ஒரு பழைய கார் விற்ற விலைக்கு ஊரில் காணி வாங்கியிருக்கலாம். அந்தக் காசைக் கொடுத்துவிட்டு உட்காராமல் என்ன செய்வது? நான் வீட்டு ஹோலில் உட்காருவதை விட்டுவிட்டேன்.


லிந்துலை டீச்சர்:

தம்பி, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், அந்த வெள்ளை ஆல்ட்டோ நான் இல்லை. என்னுடையது சிவப்பு மாருதி 800. ஆனால் ரோல்ஸ் மட்டும் ஒன்றுதான்.

நான் தலவாக்கலைப் பக்கம் ஒரு ஸ்கூலில் படிப்பிக்கிறேன். இருப்பது தோட்டத்தில், லயத்தில். லயம் தெரியாதவர்களும் இங்கே வாசிப்பார்கள் என்பதால் சொல்கிறேன், பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது, பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் ஒரே சுவர், அந்தச் சுவரும் எங்கள் வரிசையில் கூரை வரைக்கும் போகாது. பக்கத்து வீட்டில் தேங்காய் துருவினால் எங்கள் வீட்டில் கேட்கும். நாங்கள் முன்னால் கொஞ்சம் இழுத்துக் கட்டி இரண்டு காம்பராவாக்கியிருக்கிறோம், ஆட்கள் ஏழு பேர். 7 பேர்ச் காணியில் தனி வீடு என்ற பேச்சு பல வருஷமாக நடக்கிறது, எங்கள் டிவிஷனுக்கு இன்னும் வரவில்லை.

குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. என் மாமியார் தங்கமானவர், மச்சாள் எனக்கு அக்கா மாதிரி. ஆனால் பகலில் எங்கள் வீட்டுக் கதவைச் சாத்தினால் ஐந்து நிமிஷத்தில் யாராவது வந்து "என்ன, சுகமில்லையா?" என்று கேட்பார்கள். சாத்திய கதவு என்றால் ஒன்று சுகவீனம், இல்லை சண்டை, எங்கள் ஊரில் மூன்றாவது காரணம் கிடையாது. ஸ்கூலில் நாற்பது பிள்ளைகள் டீச்சர் டீச்சர் என்பார்கள். வீட்டுக்குப் போனால் அம்மா, அண்ணி, மருமகள். நடுவில் அந்த இருபத்தைந்து நிமிஷம் மாருதிக்குள் என்னை யாரும் எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிடுவதில்லை.

தோட்டத்திலேயே காரில் உட்காரலாமே என்று கேட்பீர்கள். அங்கே கார் நிற்பது பிள்ளைக் காம்பராவுக்கு, அதாவது வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப் போகிற இடத்துக்கு, முன்னால். ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தேன், நாலு பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றன, ஒரு பாட்டி வந்து பெற்றோல் முடிந்துவிட்டதா என்று கேட்டார். அதனால்தான் டவுனில் காசு கட்டி உட்காருகிறேன். லீசிங் காசோடு பார்த்தால் அந்த ஐம்பது ரூபா எனக்குச் செலவாகவே தெரிவதில்லை.

என்ன செய்கிறேன் என்று கேட்டீர்கள். பெரும்பாலும் ஒன்றுமில்லை. சில நாள் கொப்பி திருத்துவேன், ஸ்டியரிங்கில் சாய்த்து வைத்தால் நல்ல மேசை. ஒரு நாள் முழு நேரமும் அழுதேன், காரணம் இங்கே வேண்டாம். முகம் கழுவ ஒரு போத்தல் தண்ணீர் எப்போதும் சீட்டுக்குக் கீழே இருக்கும்.

அந்த அம்மா கண்ணாடியைத் துடைப்பதில்லை என்று எழுதியிருந்தீர்கள். நானும் துடைப்பதில்லை. ஆவி படிந்தால் திரைச்சீலை போட்ட மாதிரி.


கராஜ் அண்ணன், ஹட்டன்:

டீச்சர் சொன்னது மனசுக்குள் போய்விட்டது. ஆனால் தம்பி எழுதியதில் ஒரு விஷயத்தை எல்லோரும் தாண்டிப் போகிறீர்கள். எஞ்சின் ஓடிய வேன், மூடிய கண்ணாடி, தூங்குகிற மனுசன். தம்பி, நீ தட்டியது நூற்றுக்கு நூறு சரி. முதலாளி என்ன சொன்னாலும் அந்த மாதிரி வாகனத்தை மறுபடி கண்டால் மறுபடி தட்டு.

சைலன்சர் புகையில் கார்பன் மொனொக்சைட் இருக்கிறது. மணம் இல்லை, நிறம் இல்லை, இருமல் வராது. இரத்தத்தில் ஒட்சிசன் பிடிக்க வேண்டிய இடத்தை அது இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, குமட்டல், அப்புறம் தூக்கம் வருகிற மாதிரி ஒரு சுகம். தூங்கிக்கொண்டிருப்பவனுக்கு அந்தத் தலைவலி கூடத் தெரியாது. திறந்த வெளியில், நல்ல நிலையில் உள்ள வாகனத்தில் பெரிய ஆபத்தில்லை. ஆனால் நம் ஊரில் ஓடுகிற பழைய வேன்களைத் தூக்கிப் பார்க்கிறவன் நான், சைலன்சர் குழாய் உக்கி, தகரம் வைத்துக் கம்பியால் கட்டியிருக்கும், தரைத் தகட்டில் விரல் போகிற ஓட்டை இருக்கும். இன்னொன்றைக் கவனி, உங்கள் இடத்தில் ஒரு பக்கம் மண் மேடு என்றாய். ரிவர்ஸ் போட்டு வாகனத்தின் பின்பக்கத்தை மேட்டோடு ஒட்டி நிறுத்துவார்கள், புகைக்குழாய் மண்ணை முட்டிக்கொண்டு நிற்கும். புகை போக வழியில்லாமல் அடியால் முன்னுக்கு வரும். மலைநாட்டில் பாதி பார்க்கிங் இப்படித்தான். அந்தப் பக்கம் முன்புறத்தை மேட்டுக்குக் கொடுத்து நிறுத்தச் சொல்லு, அதற்கு முதலாளியின் அனுமதி தேவையில்லை.

எஞ்சின் ஓஃப் என்றால் யாரையும் தட்டாதே. ஓடுகிறது, ஆள் முழித்திருக்கிறார் என்றால் விடு. ஓடுகிறது, ஆள் தூக்கம் என்றால் தட்டு. அக்வா, பிரியஸ் மாதிரி ஹைபிரிட்டில் மட்டும் இந்தக் கணக்குக் கொஞ்சம் இடிக்கும். சத்தமே இல்லாமல் நிற்கும், உள்ளே ஏசி ஓடும், பற்றரி இறங்கியதும் எஞ்சின் தானாக ஸ்டார்ட் ஆகும், அப்புறம் தானாக நிற்கும். அதையும் ஓடுகிற வாகனமாகவே எடுத்துக்கொள்.

இன்னொரு சாரார் இருக்கிறார்கள், அவர்களுக்கு எந்த மனப்பாரமும் இல்லை, வெறும் டர்போ. பழைய டர்போ டீசல் வேன் கினிகத்தேனையிலிருந்து ஏற்றம் ஏறி வந்தால் டர்போ கொதித்துப் போயிருக்கும். வந்த கையோடு ஓஃப் பண்ணினால் ஒயில் ஓட்டம் நின்று, உள்ளே தங்கிய ஒயில் கருகிப் பேரிங்கில் ஒட்டிக்கொள்ளும். ஒன்றிரண்டு நிமிஷம் ஐட்லிங்கில் விட்டுத்தான் நிறுத்த வேண்டும். விவரம் தெரிந்த ட்ரைவர் அந்த நேரம் சீட்டில்தான் இருப்பான். ஆனால் பத்து நிமிஷம் தாண்டி "டர்போவை ஆற விடுகிறேன்" என்று எவனாவது சொன்னால் அவன் வீட்டுக்குப் போகப் பயந்து உட்கார்ந்திருக்கிறான் என்று அர்த்தம்.

ஏசி போட்டு உட்காருகிறவர்களுக்கு ஒரு கணக்கு. சின்னக் காருக்கும் நின்ற இடத்தில் மணித்தியாலத்துக்கு அரை லீட்டரிலிருந்து ஒரு லீட்டர் வரை பெற்றோல் போகும். நுவரெலியாக் குளிருக்கு ஏசி எதற்கு என்று கேட்காதீர்கள், கண்ணாடி ஆவிக்கு ஏசிதான் மருந்து, அது காற்றின் ஈரத்தை எடுத்துவிடும். காசு மிச்சம் பிடிக்க வேண்டுமா, கண்ணாடி ஷட்டரை இரண்டு விரல் அளவு இறக்கிவிட்டு ஓஃப் பண்ணிவிட்டு இருங்கள். டீச்சருக்குத் திரை போய்விடும், அதுதான் ஒரு நட்டம்.


டிக்கெட் தம்பி:

அண்ணே, அந்த ஐயாவின் வேன் நின்றது மேட்டோடு ஒட்டித்தான், பின்பக்கம் உள்ளே. நீங்கள் சொன்ன பிறகு யோசிக்கும்போது கை நடுங்குகிறது. இன்று காலையிலிருந்து எல்லாரையும் முகம் மேட்டுக்கு வைத்து நிறுத்தச் சொல்கிறேன். ஏன் என்று கேட்டால் முதலாளி சொன்னார் என்கிறேன்.


மஸ்கெலியா வேன்காரன்:

நான் தம்பி சொல்கிற ஆட்களில் ஒருவன், ஆனால் என்னுடையது தொழில். ஸ்கூல் வேன் ஓட்டுகிறேன். காலையில் மஸ்கெலியாப் பக்கத் தோட்டங்களில் பிள்ளைகளை ஏற்றி ஹட்டனில் ஏழரைக்குள் இறக்க வேண்டும். ஸ்கூல் விடுவது ஒன்றரைக்கு. நடுவில் வீட்டுக்குப் போய் வரலாம், போய் வந்தால் அன்றைய டீசல் கணக்கு உதைக்கும். அதனால் ஆறு மணித்தியாலம் டவுனில்தான். என்னைப் போல ஐந்தாறு பேர் இருக்கிறோம். முதல் ஒரு மணித்தியாலம் வேனைக் கூட்டுவேன். சீட்டுக்குக் கீழே தினமும் ஏதாவது கிடைக்கும், டொபி பேப்பர், அழிறப்பர், ஒரு நாள் ஒற்றைச் சப்பாத்து. ஒற்றைச் சப்பாத்தோடு அந்தப் பிள்ளை எப்படி இறங்கி நடந்து போனது என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை. அப்புறம் மற்றவர்கள் ஒரு வேனில் கூடிக் கடதாசி விளையாடுவார்கள். பத்து மணிக்கு நான் என் வேனுக்கு வந்துவிடுவேன்.

பத்து மணி என்றால் குவைத்தில் காலை ஏழரை. என் மனுசி அங்கே ஒரு வீட்டில் வேலை செய்கிறாள், மூன்று வருஷமாகிறது. அந்த வீட்டுப் பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போய், பெரியவர்களும் வெளிக்கிட்ட பிறகுதான் அவளுக்கு மூச்சு விட நேரம். கோல் எடுப்பாள். ராத்திரி எடுக்கலாம்தான், அவளுக்குப் பத்து மணிக்கு வேலை முடிந்தால் எனக்கு இங்கே பன்னிரண்டரை. ஒரே காம்பராவில் அம்மா, இரண்டு பிள்ளைகள், நான். குசுகுசுவென்று பேசினாலும் சின்னவன் எழும்பி, அம்மாவா என்று போனைப் பிடுங்கி, அப்புறம் விடியும் வரை தூங்கமாட்டான். அதனால் ராத்திரிப் பேச்சை விட்டுவிட்டோம். பிள்ளைகள் பேசுவது வெள்ளிக்கிழமை பின்னேரம், எங்கள் இரண்டு பேருடைய பேச்சு கிழமை நாளில் பத்து மணிக்கு வேனுக்குள்.

பேச்சு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. முதல் ஐந்து நிமிஷம் காசு விஷயம், பிள்ளைகள் விஷயம். அப்புறம் அவள் போனைக் குசினித் தட்டில் சாய்த்து வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவுவாள். எனக்குத் தண்ணீர்ச் சத்தம் கேட்கும், அவளுக்கு ஹட்டன் பஸ் ஹோர்ன் கேட்கும். "அது எந்த பஸ்?" என்று கேட்பாள். நான் எட்டிப் பார்த்துச் சொல்லுவேன். இதைப் போய் நான் எந்தக் கடையில் உட்கார்ந்து செய்ய முடியும்?

ஒரு நாள் டிக்கெட் எழுதுகிற பையன் ஒருவன் தட்டி, "அண்ணே ஒரு இடத்தைப் பிடித்துக்கொண்டு சும்மா இருக்கிறீங்க, மற்றவங்க வரவேணாமா" என்றான். அவன் மேல் கோபமில்லை, அவனுக்கும் ஒரு முதலாளி இருப்பார்.

கராஜ் அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். சீசனுக்கு, அதாவது டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே மாதம் வெசாக் வரை, சனி ஞாயிறுகளில் சிவனொளிபாத மலை ஏறுகிறவர்களை ஏற்றிக்கொண்டு மலையடிவாரத்து நல்லதண்ணிக்கு ஹயர் போவேன். ஆட்கள் நடுச்சாமத்துக்குப் பிறகு ஏறத் தொடங்கி, 2,243 மீட்டர் உச்சியில் சூரியன் எழும்புவதைப் பார்த்துவிட்டு இறங்கி வரப் பத்து மணி ஆகும், ஐயாயிரத்துக்கு மேல் படி. ட்ரைவர்மார் கீழே பார்க்கில் தூக்கம். வரிசை வரிசையாக வேன், எல்லாவற்றிலும் ஒரு சாரம் கண்ணாடியில் திரையாகத் தொங்கும். குளிர் எலும்புக்குள் போகும். என் முதல் சீசனில் பக்கத்து வேன்காரர் ஒருவர் சின்னக் கரி அடுப்பை வேனுக்குள் வைக்கப் பார்த்தார், வயதான ட்ரைவர் ஒருவர் ஓடி வந்து காலால் தட்டிவிட்டார். கரிப் புகையிலும் இதே நஞ்சுதான் என்று அன்றைக்குத்தான் தெரியும். போர்வை இரண்டு, சொக்ஸ் இரண்டு சோடி, ஒரு பிளாஸ்க் இஞ்சித் தேத்தண்ணி, அது போதும். எஞ்சின் வேண்டாம், அடுப்பு வேண்டவே வேண்டாம்.


பண்டாரவளை அப்பா:

எல்லோரும் இதை ஏதோ ஒரு சோகக் கதை ஆக்குகிறீர்கள். நான் உட்காருவது மகளுக்குப் புலமைப்பரிசில் வகுப்பு இருப்பதால். சனிக்கிழமை எட்டரையிலிருந்து பன்னிரண்டரை வரை. டியூசன் கட்டிடத்துக்கு முன்னால் நாற்பது பெற்றோர் நாற்பது வாகனத்தில் இருக்கிறோம், சிலர் மோட்டார் சைக்கிளில் குடையோடு. மழை, குளிர், வெளியே இருக்க ஒரு பெஞ்சு கிடையாது. கடைக்குப் போனால் ஒரு தேத்தண்ணிக்கு நாலு மணித்தியாலம் உட்கார விடுவார்களா? முதல் மணித்தியாலம் முதலாளி சிரிப்பார், இரண்டாவது மணித்தியாலம் மேசையைத் துடைக்கத் தொடங்குவார். இவ்வளவுதான் காரணம். நம் டவுன்களில் காசு கொடுக்காமல் உட்கார ஒரு இடம் இல்லை, அதனால் காரில் உட்காருகிறோம். லிந்துலை டீச்சருக்குக்கூட ஒரு நல்ல வாசிகசாலை பக்கத்தில் இருந்தால் மாருதி தேவைப்படாது என்பது என் எண்ணம்.

அப்புறம் வளைவு. கண்டியிலிருந்து றம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு முதல் தடவை வருகிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? பார்க் பண்ணியதும் பின் சீட்டில் எல்லோரும் தேசிக்காயை மோந்துகொண்டு கண்ணை மூடி இருப்பார்கள். அவர்களுக்குத் தத்துவம் ஒன்றுமில்லை, தலை சுற்றல் நிற்க வேண்டும்.


லிந்துலை டீச்சர்:

பண்டாரவளை அண்ணாவுக்கு: வாசிகசாலையில் அழ முடியாது. செருப்பைக் கழற்றிக் காலை மேலே வைக்கவும் முடியாது.


கொட்டகலை ஓட்டோ:

கார்க்காரர்கள் மட்டும் பேசுகிறீர்கள். ஓட்டோவுக்குக் கதவில்லை என்றுதானே நினைக்கிறீர்கள்? மழைப் படங்கை இரண்டு பக்கமும் இறக்கி பட்டன் போட்டால் அதுவும் ஒரு அறைதான். கொழும்பு கிரிக்கெட் மேட்ச் வர்ணனையை முழுக்க அதற்குள் கேட்டிருக்கிறேன். என்ன ஒன்று, ஹயருக்கு வருகிறவர்கள் படங்கைத் தட்டித் தட்டிக் கேட்பார்கள், கடைசி ஓவரில் இறங்கிப் போக மனசு வராது.


ஹட்டன் பழைய ஆள்:

எனக்கு இந்தப் பழக்கம் எப்போது வந்தது என்று நன்றாகத் தெரியும். 2022. பெற்றோல் கியூ. ஜூலை கடைசியில் கியூஆர் கோட் முறை வந்து காருக்குக் கிழமைக்கு 20 லீட்டர், ஓட்டோவுக்கு 5, மோட்டார் சைக்கிளுக்கு 4 என்று ஆகும் வரை எங்கள் பெற்றோல் செட்டுக்கு முன்னால் வரிசை டவுனைத் தாண்டிப் போகும். பவுசர் வருமா வராதா என்று யாருக்கும் தெரியாது, வரிசையை விட்டுப் போகவும் முடியாது. இரண்டு ராத்திரி என் காரில் படுத்தேன். வீட்டிலிருந்து மகன் சாப்பாட்டுப் பார்சல் கொண்டு வருவான், முன்னால் நின்ற லொறிக்காரர் மூன்று கல் வைத்துத் தேத்தண்ணி ஊற்றுவார், எல்லோருக்கும். பல் விளக்கியது, சவரம் செய்தது எல்லாம் பக்கக் கண்ணாடியில். நகர்வது என்றால் எஞ்சினைப் போடாமல் இறங்கித் தள்ளுவோம், இருக்கிற சொட்டையும் எரிக்க யாருக்கும் மனமில்லை.

அப்போது வெறுத்தேன், சத்தியமாக. ஆனால் எல்லாம் சரியான பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்கி வந்து காரில் வைத்துவிட்டு, சாவியைப் போடாமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். சீட் என் முதுகுக்குப் பழகியிருந்தது. இப்போது கிழமைக்கு ஒரு தரமாவது இருக்கிறேன். மனுசி கேட்டால் டவுனில் சனம் என்று சொல்லுவேன்.


லிந்துலை டீச்சர்:

டிக்கெட் தம்பி, எல்லோரையும் கேட்டாய், உன்னை யாரும் கேட்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டை எங்கே சாப்பிடுகிறாய்?


டிக்கெட் தம்பி:

டீச்சர், இந்தக் கேள்வியைக் காலையில் பார்த்தேன், இப்போதுதான் பதில் எழுதுகிறேன்.

எங்கள் இடத்தின் மூலையில் முதலாளியின் பழைய டொல்பின் வேன் ஒன்று கிடக்கிறது. எஞ்சின் இல்லை, முன் சில்லு இரண்டும் இல்லை, கல்லடுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். டிக்கெட் கட்டு, குடை, மழைக் கோட்டு எல்லாம் அதில்தான். சாப்பாடும் அதில்தான். நான் தங்கியிருப்பது ஒரு போடிங் அறையில், மரக்கறிச் சந்தையில் வேலை செய்கிற நாலு பேரோடு. அவர்கள் விடியற்காலை இரண்டு மணிக்கு எழும்பி லொறிக்குப் போவார்கள், பகலில் தூங்குவார்கள், லைட் போட முடியாது. அதனால் ஆறு மணிக்கு இங்கே கேட்டைப் பூட்டிய பிறகும் ஏழு ஏழரை வரை நான் டொல்பினில்தான் இருப்பேன். வீட்டுக்குக் கோல் எடுப்பேன், இல்லாவிட்டால் ஒன்றுமில்லை, மழையைப் பார்ப்பேன். இதையும் அதற்குள் இருந்துதான் எழுதுகிறேன். அதுதான் நான் மற்றவர்களிடம் கேட்ட விஷயம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அது ஓடாத வேன் என்பதால் இருக்கலாம்.

வெள்ளை ஆல்ட்டோ செவ்வாய் வந்தது. மேட்டோரக் கடைசி இடத்தை ஒரு ட்ரம் வைத்துப் பிடித்து வைத்திருந்தேன், கண்டதும் உருட்டி எடுத்தேன். டிக்கெட்டை வைப்பரில் செருகிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன். நாலு நாற்பதுக்கு ஷட்டரை இறக்கி நூறு ரூபாவை நீட்டினார், மிச்சம் ஐம்பதைக் கொடுத்தேன். ஒன்றும் கேட்கவில்லை, அவரும் ஒன்றும் சொல்லவில்லை. ட்ரம்மை மட்டும் ஒரு தரம் பார்த்தார்.


கராஜ் அண்ணன், ஹட்டன்:

அந்த டொல்பினுக்கு டிக்கெட் எழுதினாயா?


டிக்கெட் தம்பி:

எட்டு மாதமாக எழுதவில்லை அண்ணே. முதலாளியிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.